விளக்கு எங்கே?

சென்ற ஆண்டு ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பின் நம் பழைய மாணவர் ஒருவரின் மடல் கைக்கு வந்தது. நம்மிடம் ஏழாண்டுகள் அரபு இலக்கணமும் தர்க்கமும் ஓதியவர். இப்போது பிழைப்பின் பொருட்டு மேலைநாட்டு நகரமொன்றில் குடும்பத்துடன் வாழ்பவர். ஸலாமும் நலமும் எழுதியபின் அவர் இவ்வாறு கேட்டிருந்தார்:

"ஹஜ்ரத், விடுமுறை நாளில் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு இங்குள்ள கலைக்கூடம் ஒன்றுக்குப் போயிருந்தேன். இருட்டறை ஒன்றில் ஒரு மெத்தை. அதன் அடியில் துணியால் தைத்த பொம்மை ஒன்று நசுங்கிக் கிடக்கிறது. அதன் வெள்ளைத் தலையின்மேல் ஒரு மனித முகம் வீடியோவாக விழுகிறது. அம்முகம் கண்ணை உருட்டுகிறது, நம்மை ஏசுகிறது, போய்விடு என்று கத்துகிறது. புரொஜெக்டரைக்கூட அவர்கள் மறைத்து வைக்கவில்லை. பொம்மைக்கு எதிரே எல்லாரும் காணத்தான் நிற்கிறது. எல்லாம் தெரிந்திருந்தும் என் நெஞ்சு இளகிவிட்டது. சின்ன மகள் மெத்தையைத் தூக்கிவிடச் சொல்லி அழுதாள். துணி என்று அறிந்தபின்னும் இரக்கம் வருவது அறிவின் குறையா?"

கேள்வி மேலுக்குச் சிறியது. ஆனால் மேலைநாட்டார் அறிவொளிக் காலம் என்று பெருமையுடன் அழைக்கும் பதினெட்டாம் நூற்றாண்டின் நம்பிக்கை முழுவதையும் அது தொட்டுவிடுகிறது. உண்மையை அறிந்துவிட்டால் மனிதன் மயக்கத்திலிருந்து விடுபட்டுவிடுவான் என்பதே அந்த நம்பிக்கை. அறிந்தும் விடுபடாத ஒருவர் நம்மிடம் கேட்கிறார். இதற்குத் தனி மடலில் இரண்டு வரி எழுதி முடித்துவிட நமக்கு மனம் வரவில்லை. வாசகர்களோடு சேர்ந்தே சிந்திக்க விரும்புகிறோம்.

ஒளியால் ஆன சிற்பம்

மாணவர் கண்டது அமெரிக்கக் கலைஞர் டோனி அவர்ஸ்லரின் படைப்பு. அவர் 1957இல் நியூயார்க்கில் பிறந்தவர். 1990களின் தொடக்கத்தில் சிறிய புரொஜெக்டர்கள் கிடைக்கத் தொடங்கியபோது, வீடியோப் படத்தைத் தொலைக்காட்சிப் பெட்டியின் சதுரத்திலிருந்து வெளியே எடுத்தவர்களுள் ஒருவர். நடிப்பவரின் முகத்தைப் படம் பிடித்துத் துணிப் பொம்மையின் தலைமேல் வீசினார். கண்ணாடியிழையால் செய்த பெரிய உருண்டைகளின்மேல் ஒற்றைக் கண்ணை வீசினார். அந்தக் கண்ணின் பாவைக்குள் உற்றுப் பார்த்தால், அது எந்தத் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருக்கிறதோ அதன் நிழலாட்டம் தெரியும். கல்லையும் வெண்கலத்தையும் போல இங்கே ஒளியே சிற்பத்தின் பாதிப் பொருள். விளக்கை அணைத்தால் எஞ்சுவது ஒரு துணி மூட்டை.

அவருடைய பாட்டனார் ஃபுல்டன் அவர்ஸ்லர் எழுத்தாளர்; பத்திரிகை ஆசிரியர்; செப்பிடு வித்தையும் அறிந்தவர். இறந்தவர்களின் ஆவியோடு பேசுவதாகச் சொல்லிப் பணம் பறித்தவர்களின் தந்திரங்களை வெளிப்படுத்தியவர் என்றும் பெயர் பெற்றவர். பாட்டனார் மாயத்தைக் கலைத்தார். பேரர் மாயத்தைக் கட்டி, கட்டிய விதத்தையும் பக்கத்திலேயே வைத்துக் காட்டுகிறார். இவ்விரண்டும் ஒரே தொழிலின் இரு முகங்களோ என்று நமக்குத் தோன்றுகிறது.

தன்வீர் என்னும் சொல்

அறிவொளி என்பதற்குப் பிரெஞ்சு மொழியார் ஒளிகள் என்றே பெயரிட்டனர். ஜெர்மானியர் தெளியச் செய்தல் என்ற பொருள்படப் பெயரிட்டனர். இக்கால அரபு எழுத்தாளர் அதனைத் தன்வீர் என்கின்றனர். நூர் என்னும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. இருட்டு என்பது அறியாமை, விளக்கு என்பது அறிவு என்னும் உவமை எல்லாவற்றிலும் பொதுவாக இருக்கிறது.

அறிவொளி என்றால் என்ன என்ற வினாவுக்கு கோனிக்ஸ்பெர்க் நகரத்துப் பேராசிரியர் இம்மானுவேல் காண்ட் 1784ஆம் ஆண்டு டிசம்பரில் விடை எழுதினார். அவ்விடை பெரிய நூலாக வரவில்லை. பெர்லினில் வெளிவந்த ஒரு மாத இதழில் கட்டுரையாகவே வந்தது. மாத இதழ் வாசகர்களாகிய நாம் இதை நினைவில் கொள்ளலாம். மனிதன் தானே தனக்கு வருவித்துக்கொண்ட சிறுபிள்ளைத்தனத்திலிருந்து வெளியேறுவதே அறிவொளி என்பது அவருடைய கருத்து. அறிவு இல்லாததால் அன்று, பிறர் துணையின்றி அதைப் பயன்படுத்தத் துணிவு இல்லாததால்தான் மனிதன் சிறுபிள்ளையாகவே இருந்துவிடுகிறான் என்றார். சோம்பலும் கோழைத்தனமும் அதற்குக் காரணங்கள் என்றார். எனக்காக ஒரு நூல் சிந்தித்துவிட்டால், எனக்காக ஒரு மருத்துவர் உணவைத் தீர்மானித்துவிட்டால், நான் எதற்காகப் பாடுபட வேண்டும் என்று இருந்துவிடுகிறவனையே அவர் சாடினார்.

இதில் மறுக்க என்ன இருக்கிறது? பிறர் சொன்னதை ஆராயாமல் பின்பற்றுவதன் கேட்டை நம் கிதாபுகளும் பேசாமல் விடவில்லை. ஆனால் ஒளியை உவமையாகச் சொன்ன அந்தக் காலத்தார், ஒளியை உண்மையாகவே கையில் ஏந்தியபோது என்ன செய்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

மாய விளக்கின் கதை

படம் வீசும் மாய விளக்கை உருவாக்கியவர் என்று இன்று பெரும்பாலும் கருதப்படுபவர் ஹாலந்து நாட்டு விஞ்ஞானி கிறிஸ்டியான் ஹைகன்ஸ். சனிக்கோளின் துணைக்கோளான டைட்டனைக் கண்டறிந்தவரும், ஊசல் கடிகாரத்தை அமைத்தவரும் அவரே. 1659இல் அவர் இந்த விளக்குக்காக வரைந்த சித்திரங்கள் எவை தெரியுமா? தன் தலையைத் தானே கழற்றி எடுக்கும் எலும்புக்கூடு ஒன்றின் சித்திரங்கள்! பின்னர் 1662இல் அவருடைய தந்தையார் அந்த விளக்கைப் பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயியின் அரண்மனையில் காட்ட விரும்பினார். மகனுக்கோ வெட்கமாகிவிட்டது. இத்தகைய வேடிக்கைப் பொருளால் தம் குடும்பத்தின் பெயர் குறைபடும் என்று எண்ணினார். தந்தை சொல்லைத் தட்டவும் மாட்டாமல், விளக்கு வேலை செய்யாதபடி ஒரு கண்ணாடி வில்லையை எடுத்துவிடுமாறு தம்பிக்கு எழுதினார். தாம் ஏற்றிய விளக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்று அந்த அறிஞர் அன்றே அஞ்சினார் போலும்.

அவர் அஞ்சியது நூற்று முப்பத்தாறு ஆண்டுகளுக்குப் பின் பாரிஸில் நடந்தது. 1798இல் ராபர்ட்சன் என்னும் பெயரில் ஒருவர் பேய்க்காட்சி நடத்தத் தொடங்கினார். அவர் லீஜ் நகரத்தவர். ஒளியியலும் மின்னியலும் கற்றவர். புரட்சியின் இரத்தம் உலர்ந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த நகரம் அது. அடுத்த ஆண்டு காட்சியைக் கைவிடப்பட்ட ஒரு துறவி மடத்துக்கு மாற்றினார். பார்வையாளர்கள் இருண்ட தாழ்வாரங்கள் வழியே நடந்து மண்டபத்தை அடைவர். அங்கே திரைக்குப் பின்னால் சக்கரம் பூட்டிய விளக்கு முன்னும் பின்னும் நகரும். சிறு புள்ளியாய்த் தோன்றிய உருவம் வளர்ந்து வளர்ந்து மக்கள்மேல் பாய்வதுபோல் வரும். புகையின்மேலும் முகங்கள் எழும். கொல்லப்பட்ட புரட்சித் தலைவர்களும் அந்த இருட்டில் திரும்பி வந்தனர்.

இதில் வியப்பு என்னவென்றால், இவற்றையெல்லாம் அவர் அறிவொளியின் பெயராலேயே செய்தார். பேய் என்பது பொய், கண்ணாடியும் விளக்கும் செய்யும் வேலை, மூடநம்பிக்கையை ஒழிப்பதே தம் நோக்கம் என்று சொல்லிக்கொண்டார். சொல்லிவிட்டு விளக்குகளை அணைத்தார். மக்கள் அலறினார்கள். பின்னர் அவருடைய முன்னாள் உதவியாளர்களோடு மூண்ட வழக்கில், அவருடைய தொழில் இரகசியம் நீதிமன்றத்திலேயே அம்பலமாயிற்று. அதனால் கூட்டம் ஒழிந்ததா? இல்லை. ஐரோப்பா எங்கும் இதே காட்சிகள் பெருகின. தந்திரம் தெரிந்த பின்னும் மக்கள் பணம் கொடுத்து அஞ்சப் போனார்கள்.

தொலைக்காட்சியின் பிறப்பிலும் இப்படி ஒரு செய்தி இருக்கிறது. லண்டன் ஸோஹோப் பகுதியில் ஃபிரித் தெரு 22ஆம் எண் வீட்டின் மேல்மாடத்தில், ஜான் லோகி பேர்டு என்னும் ஸ்காட்லாந்துக்காரர் 1925 அக்டோபரில் ஒரு முகத்தை முதன்முதலாகத் தெளிவாக அனுப்பிக் காட்டினார். அது மனித முகம் அன்று; குரல் மாற்றிப் பேசுவோர் வைத்து விளையாடும் பொம்மையின் தலை. விளக்குகளின் சூடு மனிதர் நெடுநேரம் தாங்கும் அளவில் இல்லை. எனவே ஒளியின் முன் முதலில் அமர்ந்தது பொம்மை. அதன் பிறகே ஓர் அலுவலக இளைஞர் அழைத்து வரப்பட்டார்.

அவர்ஸ்லர் இந்த வரலாற்றை அறிந்தே தொழில் செய்கிறவர். 2000ஆம் ஆண்டு நியூயார்க்கில் ஒரு பூங்காவிலும், பிறகு ஃபிரித் தெரு வந்து சேரும் லண்டன் ஸோஹோச் சதுக்கத்திலும், இரவு வேளையில் மரங்களின் இலைகள்மேலும் புகைமேலும் பேசும் முகங்களை வீசினார். ராபர்ட்சன், பேர்டு ஆகியோரின் நினைவும் அதில் கலந்திருந்தது. ஆனால் ராபர்ட்சனுக்கும் இவருக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. ராபர்ட்சன் விளக்கைத் திரைக்குப் பின்னால் ஒளித்தார். இவருடைய பொம்மைகளின் எதிரே விளக்கு வெளிப்படையாக நிற்கிறது.

கண் காண்பதும் மனம் முடிப்பதும்

விளக்கைக் கண்ட பின்னும் நெஞ்சு இளகுவது ஏன்? இதற்கு விடை தேட நாம் ஐரோப்பாவுக்குப் போக வேண்டியதில்லை. பஸராவில் 965 அளவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து மறைந்த இப்னுல் ஹைதம், கிதாபுல் மனாழிர் என்னும் தம் பெருநூலில் இதற்கு வழி காட்டியிருக்கிறார். கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழைய கொள்கையை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளியே கண்ணுள் புகுகிறது என்று நிறுவியவர் அவர். அவருடைய நூல் லத்தீனில் பெயர்க்கப்பட்டு 1572இல் அச்சேறியது. ஐரோப்பிய ஒளியியலாரின் கையில் நெடுங்காலம் இருந்தது.

அந்நூலின் மூன்றாம் பகுதி முழுவதும் பார்வையின் பிழைகளைப் பற்றியது. அதற்கு முன்னதாகவே அவர் ஒரு நுட்பம் சொல்கிறார். கண் தனியாகப் பெறுவது ஒளியும் நிறமுமே. இது மனிதன், இது குதிரை, இது முகம் என்று அறிவது மனம் செய்யும் ஒப்பீட்டாலும் அனுமானத்தாலும் ஆகும். பழக்கத்தினால் இந்த அனுமானம் மிக விரைவாக நடந்துவிடுகிறது. நடந்ததே நமக்குத் தெரிவதில்லை. நாம் கண்ணால் கண்டோம் என்றே எண்ணிக்கொள்கிறோம்.

மாணவரின் கண் பெற்றது வெள்ளைத் துணியின்மேல் சில நிறங்கள். அசையும் உதடும் உருளும் விழியும் சேர்ந்தவுடன், இது துன்புறும் ஒரு மனிதர் என்று மனம் முடித்துவிட்டது. புரொஜெக்டரைக் கண்டு அறிவு மறுப்புச் சொல்வதற்கு முன்னரே நெஞ்சு இளகிவிட்டது.

மதரஸாவில் தர்க்கம் தொடங்கும் மாணவர்க்கு முதல் நாளே தஸவ்வுர், தஸ்தீக் என்னும் இரண்டையும் பிரித்துக் காட்டுவோம். ஒன்றன் உரு மனத்தில் தோன்றுவது தஸவ்வுர். அது இவ்வாறுதான் என்று மனம் ஒப்புக்கொள்வது தஸ்தீக். பொம்மை மனிதனாகத் தோன்றுவது தஸவ்வுர். அதைத் தடுக்க நம்மால் ஆகாது. பொம்மை மனிதன்தான் என்று ஒப்புவதே தஸ்தீக். அது நம் கையில் இருக்கிறது. நம் மாணவர் ஒப்பவில்லை. ஆகவே அவர் அறிவில் குறை ஒன்றும் இல்லை என்று விடை எழுதிவிடலாம் என்றுதான் முதலில் எண்ணினோம்.

ஆனால் அவ்வளவில் கேள்வி தீரவில்லை. இரக்கம் தஸ்தீக்குக்காகக் காத்திருக்கவில்லை அன்றோ? ஒப்புதல் வருவதற்கு முன்பே அது வந்துவிட்டது. இரக்கம் அப்படி முந்திக்கொண்டு வருமானால், சினமும் வெறுப்பும் அப்படியே முந்திக்கொண்டு வரும். இரக்கம் முந்தினால் ஒரு குழந்தை மெத்தையைத் தூக்கச் சொல்லி அழும். சினம் முந்தினால் என்ன ஆகும்? இதற்கு நாமே சாட்சியாக நிற்க வேண்டியிருக்கிறது.

நமக்கு நேர்ந்தது

சில ஆண்டுகளுக்கு முன் நம் கைப்பேசிக்கு ஒரு வீடியோ வந்தது. நம் வட்டாரத்தில் மதிப்புக்குரிய முதிய ஆலிம் ஒருவர் அதில் பேசுகிறார். பெண் பிள்ளைகளுக்குப் படிப்பு எதற்கு, வீட்டுக் கணக்குத் தெரிந்தால் போதாதா என்கிறார். அவர் முகம், அவர் குரல், அவர் தலைப்பாகை; ஐயம் கொள்ள இடமே இல்லை. நமக்குச் சினம் மூண்டது. அன்று இஷாவுக்குப் பின் இருந்த முப்பது பேர் முன்னிலையில், இவரைப் போன்றவர்களால்தான் சமுதாயம் பின்தங்கியது என்று பேசிவிட்டோம். துணிவோடு பேசினோம் என்ற நிறைவும் இருந்தது.

ஒரு வாரம் கழித்து முழு வீடியோவும் வந்தது. சிலர் இப்படிக் கேட்கிறார்கள் என்று சொல்லித்தான் அவர் அந்த வாசகத்தைத் தொடங்கியிருந்தார். அதைச் சொல்லி முடித்தபின் அரை மணி நேரம் அதை மறுத்து, பெண் கல்வியை வலியுறுத்தியிருந்தார். முன்னும் பின்னும் யாரோ வெட்டி எடுத்து, நடுப்பகுதியை மட்டும் அனுப்பியிருக்கிறார்கள்.

நம் வெட்கம் எத்தகையது என்பதைக் கிதாபு ஓதியவர்கள் அறிவார்கள். எதிர்வாதியின் சொல்லை முதலில் முழுமையாக எடுத்துரைத்து, பின்னர் மறுப்பதே நம் நூல்களின் முறை. ஃபஇன் கீல, அதாவது இவ்வாறு சொல்லப்பட்டால், என்று தொடங்கும் இடத்தைக் கண்டால், குல்னா, நாம் சொல்வோம், என்ற விடை எங்கே இருக்கிறது என்று தேடிப் படிக்க வேண்டும். இதை இருபத்தைந்து ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் படித்துக் கொடுப்பவர்கள் நாம். கைப்பேசியில் அதே அமைப்பு வந்தபோது, குல்னா எங்கே என்று நாம் கேட்கவில்லை.

அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். உட்காரச் சொல்லி, தேநீர் கொண்டுவரச் செய்து, "தம்பி, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. மறுவாரம் அதே இடத்தில் நின்று நம் தவற்றை எடுத்துச் சொன்னோம். ஆனால் முதல் பேச்சைக் கேட்ட முப்பது பேரும் அன்று வந்திருக்கவில்லை. அவர்களுள் இருவர் அந்தப் பெரியவரோடு இன்றும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று அறிகிறோம். அந்தச் சுமை நம் தோளில் இருக்கிறது.

துணிவு மட்டும் போதுமா?

காண்ட் சொன்ன சோம்பலும் கோழைத்தனமும் அன்று நம்மிடம் இல்லை. நம் சொந்த அறிவைத் துணிந்தே பயன்படுத்தினோம். ஆயினும் தவறினோம். ஆகவே அவர் சொன்ன இரண்டு நோய்களோடு மூன்றாவதாக அவசரத்தையும் சேர்க்க வேண்டும் என்பது நம் கருத்து.

இங்கும் இப்னுல் ஹைதம் கைகொடுக்கிறார். தாலமியின் நூல்களை ஆராய்ந்து தாம் எழுதிய நூலின் முன்னுரையில், உண்மையைத் தேடுபவன் முன்னோர் சொன்னதை அப்படியே நம்பிவிடலாகாது என்கிறார். அறிவொளிக் காலத்தாரும் இதைச் சொன்னார்கள். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. பிறரை ஆராயும்போது தன்னையும் ஐயுற வேண்டும். தன் மனச்சாய்வும் தளர்ச்சியும் ஆராய்ச்சியைக் கெடுக்கக்கூடும் என்றும் சேர்த்துச் சொல்கிறார். விளக்கைப் பிறர் முகத்துக்கு நேரே பிடிப்பது எளிது. அந்த உருண்டைச் சிற்பத்தின் கண்ணைப் போல, நம் கண்ணின் பாவையில் என்ன ஆடுகிறது என்று பார்ப்பதுதான் அரிது.

அப்படியானால் இரக்கத்தையும் சினத்தையும் அறவே அடக்கி, எதைக் கண்டாலும் கல்லாக நிற்பதா? அதுவும் ஆகாது. போலந்தில் பிறந்த கிரிஸ்டோஃப் வோடிச்கோ என்னும் கலைஞர் 2001இல் மெக்சிகோவின் எல்லை நகரமான டிஹுவானாவில் ஒரு காரியம் செய்தார். அங்கே தொழிற்சாலைகளில் உழைக்கும் பெண்களின் தலையில் சிறு காமிராவும் ஒலிவாங்கியும் அணிவித்தார். அவர்கள் பேசப் பேச அவர்கள் முகம், நகரப் பண்பாட்டு மையத்தின் உருண்டைக் கட்டடத்தின்மேல் பெரிதாக விழுந்தது. வேலையிடத்திலும் வீட்டிலும் தாங்கள் பட்ட கொடுமைகளை அவர்கள் தம் வாயாலேயே ஊரார் முன் சொன்னார்கள். அங்கே கூடியவர்கள் இது சுவரில் விழும் வெறும் ஒளி என்று நெஞ்சை மூடியிருந்தால், அது அறிவாகுமா? ஒரு சாட்சியைக் கேட்க மறுத்த பாவமாகும். பொம்மைக்கு இளகும் அதே நெஞ்சுதான் அந்தப் பெண்களுக்கும் இளக வேண்டும். வேறொரு நெஞ்சு நமக்குக் கொடுக்கப்படவில்லை.

ஆகவே நாம் காணும் முடிவு இது: நெஞ்சு முந்துவதில் குற்றமில்லை, கையும் நாவும் அதன் பின்னாலேயே ஓடுவதுதான் குற்றம். இரண்டுக்கும் இடையே ஒரு கேள்வி நிற்க வேண்டும். விளக்கு எங்கே? இந்த ஒளி யாரிடமிருந்து, எதற்காக வருகிறது? கலைக்கூடத்துப் பொம்மை அந்தக் கேள்விக்கு விடையைக் கண்முன் வைத்திருக்கிறது. டிஹுவானாவில் பேசியவர் அங்கேயே நின்றார். நம் கையிலுள்ள கருவியிலோ விளக்கு எங்கோ மறைந்திருக்கிறது; ராபர்ட்சனின் திரைக்குப் பின்னால் இருந்ததைவிட மறைவாக இருக்கிறது. இன்று வெட்டி ஒட்டவும் வேண்டாம். சொல்லாத சொல்லை ஒருவர் வாயில் வைத்துப் பேசவைக்கும் பொறிகளும் வந்துவிட்டன.

இப்னுல் ஹைதமின் சோதனை ஒன்று நினைவுக்கு வருகிறது. இருண்ட இடமொன்றின் சிறு துளைக்கு எதிரே பல விளக்குகளை வரிசையாக வைத்தால், உள்ளே சுவரில் அத்தனை ஒளிப்பொட்டுகள் விழும். ஒரு விளக்கை மறைத்தால் ஒரு பொட்டு மட்டும் மறையும். திறந்தால் திரும்ப வரும். எந்த ஒளி எந்த விளக்கிலிருந்து வருகிறது என்பதை வாதத்தால் அன்றி, எழுந்துபோய் ஒவ்வொரு விளக்காக மறைத்துப் பார்த்தே அவர் அறிந்தார். அன்று நாமும் எழுந்து இரண்டு தெரு நடந்திருந்தால் போதும். பெரியவரின் வீடு அவ்வளவு தூரந்தான்.

மாணவருக்கு இப்படி எழுதினோம்: "உங்கள் இரக்கம் குறையன்று, அதற்காக வெட்கப்பட வேண்டாம். சின்ன மகளைக் கடிந்துகொள்ளவும் வேண்டாம். அடுத்த முறை அழைத்துப் போகும்போது, அவள் அழுது ஓய்ந்தபின், கையைப் பிடித்துப் புரொஜெக்டரின் அருகே கொண்டுபோய் நிறுத்துங்கள். அதன் முன்னே அவளுடைய சிறு கையை நீட்டச் சொல்லுங்கள். பொம்மையின் முகத்தில் அவள் விரல்களின் நிழல் விழும். மற்றதை அவளே தெரிந்துகொள்வாள்."